காது வைத்த நத்தை

சேசு மரி சூசை துணை

வரதராஜன்பேட்டை
6.10.2024

அன்பு மருமகள் அனிதா மேரிக்கு,

உன் தாய்மாமன் பிலவேந்திரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அம்மா லீலா மேரி நலம். என் சிலைப் பட்டறையில் வரிசையாக நிற்கும் மூன்று ராஜாக்கள், நான்கு இடையர்கள், பதினொரு ஆடுகள் எல்லாரும் நலம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது என்றால் கேட்பதில்லை, இப்போதே பெயின்ட் அடி என்று நச்சரிக்கிறார்கள்.

இனி நான் எழுதப்போவதை நம்புவதற்கு இந்தப் பூமியில் ஒரு ஆள்கூடக் கிடையாது என்று, வலது கையை நெஞ்சில் வைத்து முதலிலேயே உறுதி சொல்கிறேன். இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

போன ஞாயிறு ஹாஸ்டலில் கொடுத்த பத்து நிமிஷப் போனில் நீ ஒன்பது நிமிஷம் அழுதாயாம். ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் கையால் செய்த செயல்திட்டம் வைக்க வேண்டும். நீயும் உன் ஜோடி கலையரசியும் ‘அரியலூர் கடலாக இருந்த காலம்’ என்று தலைப்பு எடுத்திருக்கிறீர்கள். கலையரசியின் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அவர் எடுத்துக் கொடுத்தது கல்லாகிப்போன ஒரு உடைந்த சிப்பி, கட்டைவிரல் நகம் அளவு. அதை மேஜையில் வைத்தால் மேஜைதான் தெரியும். இதுதானே துக்கம்? “மாமாகிட்ட சொல்லி நத்தை மாதிரி சுருண்ட பெரிய கல்லு ஒண்ணு வாங்கிக் குடும்மா” என்றாயாம்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. அது ஒரு மழையா? ஜெயங்கொண்டம் பஸ் முந்திரிக்காட்டுக்குள் படகாக மிதந்தது, கண்டக்டர் துடுப்புப் போட்டார். மழை விட்டதும் போய்ப் பார்க்கிறேன், ஒரு முந்திரி மரத்தடியில் தரை மூச்சு விடுகிறது! ஒன்பது ஜேசிபி வந்தும் அசையாததை என் வேட்டித் தலைப்பால் சுற்றி ஒரே இழு. பத்துக் கோடி வருஷமாகத் தூங்கிய நத்தை கண்ணைத் திறந்து, “யாருய்யா அது?” என்றது. “அனிதாவோட மாமன்” என்றேன். “அப்பச் சரி” என்று மறுபடி கல்லாகிவிட்டது. நாகப்பட்டினத்து மீனவர்கள் நாற்பது பேர் இப்போது என் வாசலில் நின்று, எங்கள் கடலைத் திருப்பிக் கொடு என்கிறார்கள்.

கல்லைப் பழைய சேலையில் சுற்றிப் பெட்டியில் கட்டும்போது என் கை நடுங்கியது. கல்லின் கனம் அப்படி. அம்மா உன்னைப் பார்க்க வரும்போது இந்தக் கடிதத்தோடு சேர்த்துத் தருவாள். தண்ணீர் பட விடாதே. தேய்க்காதே. கண்ணால் மட்டும் பார்.

இப்படிக்கு,
மூன்று ராஜாக்களுக்கும் மூக்கு வைத்தவனும்
முந்திரிக்காட்டுக் கடலின் ஏக அதிபதியுமான
உன் மாமன் பிலவேந்திரன்


பெரம்பலூர்
13.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அனிதா எழுதுவது. நான் நலம். ஹாஸ்டல் சாம்பார் மட்டும் நலமில்லை.

கல் வந்தது மாமா! நானும் கலையரசியும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். அறிவியல் வினோதினி மிஸ் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உள்ளங்கை அளவு சுருள், வரிவரியாக! நீங்கள் சொன்ன மாதிரி யாரையும் தொட விடவில்லை. எங்கள் வகுப்பு டெய்சியின் குழு பழைய சைக்கிள் சக்கரத்தில் மக்காச்சோளம் உதிர்க்கும் மிஷின் செய்திருக்கிறது. இன்னொரு குழு பானையில் தண்ணீர் வடிகட்டி. எல்லாவற்றையும் நம் கல் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. 23ஆம் தேதி மாவட்டக் கண்காட்சிக்கு எங்களைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள்.

களிமண்ணில் கடலடித் தரை செய்தது, வரைபடம் வரைந்தது எல்லாம் கலையரசி. அவளுடைய சிப்பியையும் ஓரமாக வைக்கலாமா என்று கேட்டாள். “வேணாம்டி, பெருசு பக்கத்துல அசிங்கமா இருக்கும்” என்றேன். கைக்குட்டையில் சுற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

ஒரு சின்ன விஷயம். கல் எங்கே கிடைத்தது என்று படிவத்தில் எழுத வேண்டும். மிஸ் கலையரசியைப் பார்த்து, “அப்பா லாரியில வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே எழுதிவிட்டார். அதற்குள் பெல் அடித்துவிட்டது. பிறகு திருத்தலாம் என்று விட்டுவிட்டேன். முந்திரிக்காட்டில் நத்தை பேசியது என்று எழுத முடியாதே மாமா! உங்களிடம் ஒரு ஊர் பெயர் கேட்டால்கூட ஒன்பது ஜேசிபி வருகிறது.

கண்காட்சியில் நான் செய்துகாட்டுவது வினிகர் சோதனை. சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் மேலே வினிகர் பட்டதும் நுரைக்கும். கல் வீணாகக் கூடாது என்று நடுவர் முன்னால்தான் முதல்முறையாகச் செய்யச் சொல்லியிருக்கிறார் மிஸ். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்
அனிதா


வரதராஜன்பேட்டை
19.10.2024

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்ததும் கையிலிருந்த பிரஷ் நழுவி, இரண்டாவது ராஜாவின் கண்ணில் விழுந்தது. அவர் இனி ஒற்றைக் கண்ணோடுதான் பெத்லகேம் போக வேண்டும்.

வினிகரா? அம்மாடி, பத்துக் கோடி வருஷம் பட்டினி கிடந்த வயிற்றில் புளிப்பை ஊற்றினால் என்ன ஆகும்? கல்லுக்கு வாந்தி வரும். மீன்சுருட்டியில் ஒருவர் இப்படித்தான் ஒரு பாறைமேல் ஊறுகாய் ஜாடியை வைத்தார். மறுநாள் பாறையும் இல்லை, ஜாடியும் இல்லை, அவருடைய மாமியாரும் இல்லை.

சொன்னால் கேள். அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிடு. இல்லாவிட்டால் கலையரசியின் சிப்பியையே வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். சின்னதாக இருந்தால் என்ன? அது கிடக்கிறது. முக்கியமாகக் கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தை யாருக்கும் காட்டாதே.

படிவத்தில் அந்த லாரி விஷயத்தையும் முதலில் திருத்தச் சொல். வேறு ஒன்றும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பேனாவில் மை தீர்ந்துகொண்டு வருகிறது. இதை இன்றே தபாலில் போடுகிறேன். 23க்கு முன்னால் வந்துவிடும். வர வேண்டும்.

இப்படிக்கு,
ராஜாக்களுக்கு மூக்கு வைக்கும்
உன் மாமன்


பெரம்பலூர்
25.10.2024

மாமா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கண்காட்சி அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது.

எங்கள் மேஜையைச் சுற்றி ஐம்பது பேர் இருந்தார்கள். நடுவர் அரங்கநாதன் ஐயா, கல்லூரியில் நிலவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். “அரியலூர் ஒரு காலத்தில் கடல்” என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, பஞ்சை வினிகரில் நனைத்துக் கல்லின்மேல் வைத்தேன். நுரைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்துத் தேய்த்தேன். பஞ்சு பழுப்பாக ஆனது. கல் வெள்ளையாக ஆனது. டீ வாசனை வந்தது மாமா.

ஐயா அதை எடுத்து நகத்தால் சுரண்டினார். பிறகு திருப்பினார். “ஏம்மா, இந்த நத்தைக்குக் காது இருக்கே” என்றார். காதுக்குள்ளே ரோஸ் பெயின்ட்கூட அப்படியே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். டெய்சி குழு மக்காச்சோள மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து பார்த்தது. வினோதினி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் மிஸ், “யாரு குடுத்த கல்லு இது?” என்றார். கேட்டது கலையரசியைப் பார்த்து. படிவத்தில் அவள் அப்பா லாரி என்றுதானே இருக்கிறது. கலையரசி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரம்பலூர் வரைக்கும் மக்காச்சோளக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது அவளை அறிவியல் மன்றத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். செயல்திட்ட பீரியடில் நூலக வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

அது கல் இல்லை என்று எனக்குத் தெரியாது மாமா. கலையரசி கொடுத்தது இல்லை என்று தெரியும்.

அனிதா


வரதராஜன்பேட்டை
4.11.2024

அன்பு மருமகளுக்கு,

பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. மழை, தீபாவளி, கல்லறைத் திருநாள் என்று ஒரு லாரி லோடு காரணம் வைத்திருக்கிறேன். எதையும் இறக்கப்போவதில்லை.

ஆட்டுக் கொம்புதான். பக்கத்து ஊர்க் கோயில் குடிலுக்கான கிடா ஒன்று பெயின்ட் அடிக்க வந்திருந்தது. கன்றுக்குட்டி உயரம், பிளாஸ்டரில் வார்த்தது, கொம்பு அப்படி ஒரு சுருள். நீ அழுதாய் என்று லீலா சொன்னதும் இரண்டு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடை ஓடையாகச் சுற்றினேன். ஒரு நத்தையும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு பட்டறைக்கு வந்தால் கிடா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ரம்பத்தை எடுத்துவிட்டேன். அவசரத்தில் காதும் சேர்ந்து வந்துவிட்டது. சுற்றிலும் பிளாஸ்டர் பூசி, செம்மண்ணும் டீ டிக்காஷனும் அடித்தேன். பின்பக்கத்தை எவன் பார்க்கப்போகிறான் என்று விட்டுவிட்டேன்.

நான் பள்ளிக்கூடம் வந்து சொல்லலாம்தான். ஆனால் யோசித்துப் பார். கோயில் கிடாவின் கொம்பை அறுத்தவன் என்று தெரிந்தால் எந்தப் பங்குச் சாமியார் என்னை நம்பிச் சொரூபங்களைப் பெயின்ட் அடிக்கத் தருவார்? எனக்கு வருஷம் என்பதே டிசம்பர்தான். அதனால் ஒரு யோசனை. திருமானூர் சந்தையில் முகம் தெரியாத வியாபாரி ஒருவன் இதைக் கொடுத்தான் என்று ஒரு கடுதாசி எழுதித் தருகிறேன். கலையரசிக்கும் பழி இல்லை, நமக்கும் இல்லை. அவனுக்கு மீசை வைக்கட்டுமா, தாடி வைக்கட்டுமா? நீ சொன்னால் போதும். அரையாண்டுப் பரீட்சை வந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

மாமா


பெரம்பலூர்
8.11.2024

மாமா,

வியாபாரிக்கு மீசையும் வேண்டாம், தாடியும் வேண்டாம்.

நேற்றுக் கலையரசியின் அப்பா அய்யம்பெருமாள் வந்தார். லாரியிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். முடி, புருவம் எல்லாம் சுண்ணாம்புத் தூசி. செருப்பை ஆபீஸ் வாசலிலேயே கழற்றிவிட்டு, “எம் பொண்ணு கொண்டாந்தது சிப்பிதாங்க. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். இவ்ளோ பெருசெல்லாம் எங்களுக்குக் கெடைக்காதுங்க” என்றார். “அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?” என்று தலைமையாசிரியை சுந்தராம்பாள் மேடம் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. தெரியாததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நான் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பாட்டில் எப்போதோ நிரம்பிவிட்டது.

அனிதா


பெரம்பலூர்
15.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று இங்கே குழந்தைகள் தின விழா. உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் வந்தீர்களே. மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுக்குள்ளே நுழைந்தீர்கள், தோளில் கிடா. மாறுவேடப் போட்டிக்கு வந்தவர் என்று வாட்ச்மேன் உங்களை மேடைப் பக்கம் அனுப்பிவிட்டார். “ஏய், ஒத்தக் கொம்பு ஆடுடி!” என்று ஆறாம் வகுப்பு கைதட்டியது. டெய்சி என் தொடையில் இடித்து, “யாருடி அந்த ஆளு?” என்றாள்.

நான் “தெரியலை” என்றேன்.

நீங்கள் அப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு என்னைத் தெரியாதவர் மாதிரியே மேடையைச் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கிடாவின் தலையைத் துண்டால் கட்டியிருந்தீர்கள், பல்வலி வந்தவனுக்குக் கட்டுகிற மாதிரி. அப்போதும் என்னைத் தேடவில்லை. வெயிலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தீர்கள்.

சாப்பாட்டு பெல் அடித்ததும் மேடமிடம் போனேன். “அந்தக் கல்லு எங்க மாமா எனக்குக் குடுத்தது மேடம். வேன்ல மிஸ் கேட்டப்ப நான் சொல்லலை” என்றேன். “மூணு வாரமா என்ன பண்ணிட்டிருந்தே?” என்றார். இன்று வகுப்பில் எல்லார் முன்னாலும் மறுபடி சொன்னேன். கேட்காமல் படிவத்தில் எழுதியது தன் தப்பு என்று வினோதினி மிஸ்ஸும் சொன்னார். கலையரசி மன்றத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

அவள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து சிப்பியை எடுத்து வைத்து வினிகர் விட்டாள். நுரைத்தது மாமா. கடுகு பொரிகிற அளவு, சின்னச் சின்னதாக. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நான் மூன்றாவது வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் என்னைக் கிட்டே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டதற்கு “ம்” என்றாள். இப்போது வேறு பெஞ்சில் உட்கார்கிறாள்.

உள்ளே என்ன நடந்தது மாமா? மேடம் சொல்ல மாட்டேன் என்கிறார். “தெரியலை” என்று நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?

அனிதா


வரதராஜன்பேட்டை
20.11.2024

அனிதாவுக்கு,

கேட்கவில்லை. உதட்டில் தெரிந்தது. கோபம் வரவில்லை ஆயி. அந்த மைதானத்தில் எனக்கே என்னைத் தெரியாமல் இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

ஜெயங்கொண்டத்தில் கண்டக்டர் கிடாவுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அரியலூர் வரைக்கும் அதை வைத்தே பஸ்ஸைக் குலுக்கியிருப்பேன். அன்றைக்கு வாயே வரவில்லை.

உள்ளே நடந்தது இது. பழக்கதோஷத்தில், “நான் சொல்லப்போறதை நீங்க நம்ப மாட்டீங்க மேடம்” என்று ஆரம்பித்துவிட்டேன். “அப்ப நம்பற மாதிரி சொல்லுங்க” என்றார். சொன்னேன். என் ஆயுளில் இவ்வளவு சின்னதாக ஒரு விஷயத்தை நான் சொன்னதே கிடையாது. கொம்பை அறுத்தேன், கல் மாதிரி செய்தேன், ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். மேடம் நம்பவில்லை. “அந்த லாரிக்காரர் சொல்லி வந்தீங்களா?” என்றார். அந்தக் கேள்வியில் எனக்கு முகம் எரிந்துபோனது. என் பொய்க்கு அந்த லாரிக்காரர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், என் உண்மைக்கும் அவர்மேலேயே சந்தேகம்.

மேடம் பீரோவில் பூட்டி வைத்திருந்த அந்தக் கல்லைக் கேட்டு வாங்கினேன். பூசின பிளாஸ்டரைத் தட்டி உதிர்த்துவிட்டுக் கிடாவின் தலையில் வைத்தேன். டக்கென்று உட்கார்ந்தது. ரம்பம் பிசகிய இடம், காதின் மடிப்பு, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது. மேடம் கொம்பை ஆட்டிப் பார்த்தார். “எந்தப் பிள்ளைக்குக் குடுத்தீங்க?” என்றார். “அதுவா வந்து சொல்லும் மேடம். கொஞ்சம் டைம் குடுங்க” என்றேன். நீ வருவாய் என்று எனக்குத் தெரியாது. மேடமிடம் நான் தெரியாமல் சொன்னது அது ஒன்றுதான்.

திரும்பும்போது அரியலூரில் இறங்கி, லாரிகள் நிற்கிற இடத்தில் விசாரித்து அய்யம்பெருமாளைப் பிடித்தேன். டீக்கடை வாசலில் கிடாவை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டை விலக்கிக் கொம்பைத் தடவிப் பார்த்தார். “நல்லாத்தாங்க செஞ்சிருக்கீங்க” என்றார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. நான் வாங்கிக் கொடுத்த டீயை மட்டும் குடிக்கவில்லை. அது ஆடை படிந்து ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார், மழையைப் பற்றி, ரோட்டைப் பற்றி. பிறகு “லோடு நிக்குதுங்க” என்று போய்விட்டார்.

மறுநாள் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடமும் சொன்னேன். கொம்பை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ஒட்டின கோடு தெரிகிறது. பெயின்ட் அடித்து மறைக்க எனக்குத் தெரியும், மறைக்கவில்லை. இந்த வருஷம் அந்தக் கோயில் குடிலை வேறு ஆள் செய்கிறார். நம் ஊரில் விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும், “பின்பக்கம் காட்டு” என்கிறார்கள்.

கலையரசியிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தால் உட்காரட்டும், பின்னாலேயே போகாதே. ஞாயிற்றுக்கிழமைப் போனில் நீ என்னிடம் பேச வேண்டும் என்று இல்லை. அம்மாவிடம் பேசு. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

என் முதல் கடிதம் பத்திரமாக இருந்தால் கிழித்துப் போட்டுவிடு. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு தூறல்கூட இல்லை. பஸ் ரோட்டில்தான் போனது. ஜேசிபி வரவில்லை, நத்தை பேசவில்லை, நாகப்பட்டினத்துக்காரர்கள் எவருக்கும் என் வாசல் தெரியாது. இடது கையால் எனக்கு எழுத வராது. கல்லின் கனம் என்று எழுதினேனே, அதுவும் பொய். உள்ளே வெற்றுக் கூடு, ஒரு தேங்காய் எடைகூட இருக்காது.

கட்டும்போது கை நடுங்கியது என்று எழுதியிருந்தேன். அது மட்டும் நடந்தது.

மாமா